அடைக்கப்பன் சிலந்தி

கரப்பான் பூச்சியின் காலை ஒடித்துப் போட்டால் சிலந்தி பதறாமல் சாப்பிடும். எங்கள் காஜா பேராங் வட்டாரத்தில் எட்டுக்கால் பூச்சி வளர்க்கிறவர்களுக்கெல்லாம் இதைச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான், இன்ஸ்பெக்டர் ஐயா. பக்கத்து வீட்டுச் சேதுபதிக்கும் நான்தான்.

என்னுடையது உள்ளங்கை அகலம் இருக்கும். பழுப்பு நிறம், ஒல்லிக் கால். மழை விட்டதும் ரப்பர் தோட்டத்தில் திரிந்துகொண்டிருந்ததைப் பிடித்தேன். மியூசியத்து வெள்ளைக்காரத் துரை பார்த்துவிட்டு, இது புது இனம் என்றார். அதன் விஞ்ஞானப் பெயரில் என் பெயரைச் சேர்த்து அச்சிலும் போட்டார். எனக்குப் பிள்ளை இல்லை. மனைவியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். நான் செத்த பிறகு அடைக்கப்பன் என்று சொல்ல அந்தப் பூச்சியை விட்டால் வேறு நாதியில்லை.

சேதுபதி என்ன செய்தான் தெரியுமா? எல்லோருக்கும் தெரிந்த கருப்புச் சிலந்தி ஒன்றை முட்டைப் பையோடு பிடித்துவந்தான். குஞ்சுகளை மூன்று வருடம் தன் கொட்டகையில் மிலோ டின்களில் வளர்த்தான். கடைசித் தோலை உரித்தபோது ஆண்கள் மட்டும் பழுப்பாக, ஒல்லிக் காலோடு வந்தன. அச்சு அசல் என் பூச்சி. வாயெல்லாம் பல்லாக என்னிடம் ஓடிவந்தான்.

"அண்ணே, ஒங்களோடது புது சாதியே இல்ல லா. இந்தக் கருப்போட ஆம்பளப் பூச்சி. மொதல்ல வச்ச பேருதான் நிக்குமாம். டின்னோட கொண்டுபோயி தொரைகிட்ட காட்டப் போறேன்."

"அப்ப என் பேரு?"

"அது போயிரும்ண்ணே. பூச்சிக்கு என்ன தெரியப் போவுது, விடுங்க."

நான் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. காப்பி கலந்து கொடுத்தேன். நீங்களே யோசித்துப் பாருங்கள், டின்கள் இல்லையென்றால் துரையிடம் காட்ட அவனிடம் என்ன இருக்கிறது?

நாட்டுக்குச் சுதந்திரம் வந்த மெர்டேக்கா அன்று காலையில் ஊரே பண்டார் ஹிலிர் திடலுக்குப் போய்விட்டது. சேதுபதி போகவில்லை. கொட்டகைக்குள் சீழ்க்கையடித்தபடி பூச்சிகளுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தான். அத்தாப்பு ஓலைக் கூரை, மண்ணெண்ணெய் அதிகம் தேவைப்படவில்லை. "அண்ணே, அண்ணே" என்று என்னைத்தான் கூப்பிட்டான். பாவம், நான் காப்பாற்றுவேன் என்று நினைத்திருப்பான்.

அவன்மேல் எனக்கு எந்தப் பகையும் கிடையாது, ஐயா. கதவை வெளியே தாழிட்டது, சிலந்தி ஒன்றுகூடத் தப்பிவிடக் கூடாது என்பதற்காகத்தான்.