மின்மினிக்குப் பூசிய நிறம்

நீங்கள் வாங்கித் தந்த மைலோ நன்றாக இருந்தது, இன்ஸ்பெக்டர் புவான் செல்வராணி. கொஞ்சம் இனிப்புக் கூடுதல், அவ்வளவுதான். வாக்குமூலத்தை மலாயில் எழுதினால் பாதி விஷயம் விட்டுப்போகும் என்று சொன்னேன். சரி, தமிழிலேயே எழுதுங்கள் என்று பேனாவைக் கொடுத்துவிட்டீர்கள். போலீஸ் ஸ்டேஷனில் இவ்வளவு மரியாதை கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் மற்றது புரியாது. ஆளுக்கொரு ரோபோ. இரும்பில் செய்தது அல்ல, கணினித் திரைக்குள் ஓடும் குட்டி டாங்கி. நாம் எழுதும் புரோகிராம்தான் அதற்கு மூளை. எப்போது சுடுவது, எதிரி சுட்டால் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்பதை முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். ஆட்டம் தொடங்கிய பிறகு கீபோர்டைத் தொடக்கூடாது. நானும் ரூபேந்திரனும் ஆடியது சிறிய ரோபோக்களின் பிரிவு. புரோகிராம் ஓர் அளவுக்கு மேல் போகக்கூடாது என்பதால் ஒவ்வொரு வரிக்கும் கஞ்சத்தனம் பார்ப்போம். நிறம் பூசக்கூட வரி செலவாகும். அதனால் யாரும் பூசுவதில்லை. எல்லா ரோபோவும் சாம்பல் நிறம்தான்.

ரூபேந்திரன் செனாயில் என்னோடு ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். என்னை அண்ணே என்பான். ஒருநாள் மோட்டார் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் பேசிக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்தான். கைகால் வெட்டி வெட்டி இழுத்தன. நம் ஆட்கள் செய்வதைத்தான் நானும் செய்தேன். சாவிக்கொத்தை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து அழுத்தினேன். இரும்பு பட்டால் வலிப்பு அடங்கும் என்று எங்கள் வீட்டில் சொல்லுவார்கள். அடங்கியது.

"யார்ட்டயும் சொல்லிடாதீங்கண்ணே. மேனேஜருக்குத் தெரிஞ்சா மெஷின் பக்கமே விடமாட்டான்" என்றான்.

நான் சொல்லவில்லை. மருந்து சாப்பிடுவதையும், வேகமாக மின்னும் வெளிச்சம் ஆகாது என்று டாக்டர் எச்சரித்ததையும் பிறகு அவனாகவே சொன்னான். கோயில் திருவிழாவுக்குப் போனால் சீரியல் லைட் கட்டிய பக்கம் நான் நடப்பேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் வருவான். அந்த விஷயத்தில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது.

போன வருடம் பத்து பாகாட் ஊரில் நடந்த இறுதி ஆட்டத்தில் என் ரோபோ மின்மினி, அவனுடைய உடும்பை வென்றது. என் மனைவி அன்றுதான் முதல் தடவையாகப் பார்க்க வந்திருந்தாள். கோப்பையை மடியில் வைத்துக்கொண்டே காரில் வந்தாள். ஆட்டம் முடிந்தால் யாருடைய புரோகிராமையும் யாரும் படிக்கலாம். எப்படி வென்றேன் என்று தெரிந்துகொள்ளும் ஆசையில் உடும்பின் புரோகிராமைப் படித்தேன். அதில் ஒரு வரி இருந்தது. எதிரியின் பெயர் மின்மினி என்றால் சுடாதே.

அவனைக் கேட்டேன்.

"பரவால்ல லா ண்ணே. அக்கா ஆசையா வந்திருந்தாங்க, அதான்" என்று சிரித்தான்.

எனக்கு வலித்தது, புவான். அதை மறைக்கவில்லை. ஒரு வரிக்கே அல்லாடும் இடத்தில் எனக்குப் பிச்சை போட ஒரு வரியை ஒதுக்கியிருக்கிறான். என் மனைவி கோப்பையை டிவி பக்கத்தில் வைத்துத் தினமும் துடைத்தாள். அவளிடம் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் துடைக்கும்போதெல்லாம் அந்தப் 'பரவால்ல' என் காதில் கேட்டது.

இந்த வருடம் மின்மினியை மாற்றி எழுதினேன். எதிரியைத் தேடுவதற்காக ரோபோ ஒரு கதிர் வீசும். அது விசிறி மாதிரி திரையில் பாதிக்கு மேல் விரியும். அந்தக் கதிருக்கு நிறம் கொடுத்தேன். வேகமாக மாறிக்கொண்டே இருக்கும் நிறம். அதற்கு இடம் போதவில்லை. சுவரில் மோதாமல் திரும்பும் பகுதியை எடுத்தேன். பிறகு குறிபார்க்கும் பகுதியையும் எடுத்தேன். இது ஜெயிப்பதற்காக எழுதிய ரோபோவே இல்லை என்று உங்கள் கணினி ஆள் சொன்னாராம். தொழில் தெரிந்தவர். நான் மறுக்கவில்லை.

குளுவாங் மண்டபத்தில் எங்கள் இருவருக்கும் ஆட்டம் வந்தபோது பின்வரிசைக்குத் திரை சரியாகத் தெரியவில்லை. விளக்கை அணைக்கச் சொன்னேன். எல்லோருடைய வசதிக்கும்தான். ரூபேந்திரன் எப்போதும் தள்ளியே உட்காருவான். "மேடைக்கு வாடா, பக்கத்துல நின்னு பாரு" என்று கூப்பிட்டேன். நான் கூப்பிட்டால் வருவான்.

மின்மினி சுவரில் முட்டி முட்டி மின்னியது.

"என்னண்ணே, தீபாவளியா?" என்று சிரித்தான்.

பிறகு அவனுக்குப் புரிந்துவிட்டது. என்னைத்தான் புரிந்துகொண்டானா, வெளிச்சத்தை மட்டுமா என்று எனக்குத் தெரியாது. கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு, கோயிலில் வருவது போல என் முதுகுக்குப் பின்னால் வரப் பார்த்தான். நான் நகர்ந்துகொண்டேன்.

வலிப்பு வந்து சாய்ந்தவனுக்கு மேடைப் படிக்கட்டில் பின்மண்டை அடிபட்டது. படிக்கட்டை நான் யோசிக்கவே இல்லை. கொஞ்ச நேரம் இழுத்துக்கொண்டு கிடப்பான், ஊரே பார்க்கும், எழுந்ததும் நான் தோளைத் தட்டி 'பரவால்ல லா தம்பி' என்பேன். நான் நினைத்தது அவ்வளவுதான். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் அவன் உயிர் போய்விட்டது. அது வேறு விஷயம்.

காலையில் உடும்பின் இந்த வருடத்துப் புரோகிராமைக் காட்டினீர்கள். அந்த வரி அப்படியே இருந்தது. இந்தத் தடவையும் அவன் என்னைச் சுடவில்லை. அதை நீங்கள் எனக்குக் காட்டாமல் இருந்திருக்கலாம்.

அவன் விழுந்ததும் கூட்டம் பதறி விலகியது. மண்டியிட்டு உட்கார்ந்து சாவிக்கொத்தை அவன் கையில் வைத்து அழுத்தியவன் நான். அவன் மனைவி சாருமதி என் தோளைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ஒருத்தராவது பக்கத்துல இருந்தீங்களேண்ணே" என்று அழுதாள். இப்போது அவள் போனில் எடுத்த வீடியோவைப் போட்டுக் காட்டி, விளக்கு அணைவதற்கு முன்பே சாவிக்கொத்து உங்கள் கையில் இருக்கிறதே என்று கேட்கிறீர்கள்.

இருந்தது. ஒத்துக்கொள்கிறேன். மற்றதை எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், புவான், சாவியை மட்டும் எனக்கு எதிரான சாட்சியாக எழுதிவிடாதீர்கள். அன்று அந்த மண்டபத்தில் அவனைக் காப்பாற்றத் தயாராக இருந்தவன் நான் ஒருவன்தான்.