மேகலையைத் திரும்பி வரவைத்த குமாரசிங்கம் ஐயா

மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, இந்த மழையிலும் மடுல்சீமையிலிருந்தும் ஹல்துமுல்லையிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் வாசகர்களே, தந்தை குமாரசிங்கம் ஐயாவை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மகள் தயானி அவர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம். நான் ஸரூக். பதுளைக் கடைவீதியில் அச்சகம் வைத்திருப்பவன். ‘சூறாவளி மேகலை’ நாவல்கள் அத்தனையையும் அச்சடித்தவன்.

நமது எழுத்தாளர் குமாரசிங்கம் ஐயா யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்க எழுதுவினைஞராக இங்கே வந்தவர். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே நாயகியை வைத்து எழுதினார். லொறி ஓட்டும் மேகலை. கடத்தல்காரர்களைத் துரத்துவாள். ஓடும் ரயிலில் தாவி ஏறுவாள். பாலத்திலிருந்து தொங்குவாள். “எல்லாக் கதையும் ஒன்றுதானே, இன்னும் ஏன் வாசிக்கிறார்கள்?” என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. ஏன் வாசித்தார்கள்? அதற்கான பதிலை என் அச்சகத்திலேயே ஒரு நாள் கேட்டேன்.

ஐயாவின் துணைவியார் இராசமணி அம்மா காலமான வருடம் அது. ஐயா உடைந்துபோயிருந்தார். அடுத்த நாவலில் மேகலை இறந்துவிடுவாள், அத்தோடு தொடர் முடிகிறது என்று அறிவித்துவிட்டார். அச்சடிக்கத் தொடங்கிய காலையில், மடுல்சீமைத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் கலாராணி என்ற பெண் அச்சகத்துக்கு விசாரித்துக்கொண்டு வந்து, அங்கே இருந்த ஐயாவின் முன்னால் நின்றார்.

“மேகல செத்துருவாளாங்க?”

“கதை எண்டால் ஓரிடத்தில முடியத்தானே வேணும், பிள்ளை.”

“எங்க பக்கம் எல்லாமே பாதியில நிக்குதுங்க ஐயா. ரோடு பாதியில, வீடு பாதியில. கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன என் தங்கச்சி செல்வி வரவேயில்ல. இவ ஒருத்திதாங்க எங்க போனாலும் திரும்பி வர்றா. அதுக்காகத்தான் தோட்டத்து லயத்துல எல்லா வீட்டுக்காரங்களும் ஒண்ணா உக்காந்து வாசிக்கிறோம்.”

ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கலாராணிக்குத் தேநீர் வரவழைத்தார். செல்வியைப் பற்றிக் கேட்டார். அவள் எப்படிச் சிரிப்பாள், எதற்கெல்லாம் பயப்படுவாள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கலாராணி போன பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“ஸரூக், மெஷினை நிப்பாட்டும். அந்தக் கடைசி அத்தியாயத்தைத் தாரும்.”

அங்கேயே, காகிதக் கட்டொன்றின் மேல் உட்கார்ந்து, வேறோர் அத்தியாயம் எழுதினார். அதில் மேகலை சாகவில்லை. கொழும்பில் ஒரு வீட்டில் அடைத்து வைக்கப்பட்டிருந்த செல்வி என்ற பெண்ணை லொறியில் ஏற்றிக்கொண்டு மலையேறி வருகிறாள்.

கலாராணியின் தங்கை இன்றுவரை வரவில்லை. ஐயா தன் அலுவலக நண்பர்கள் மூலம் எவ்வளவோ தேடிப் பார்த்தார், முடியவில்லை. ஆனால் அந்த நாவலைக் கலாராணி இன்றும் மடியில் வைத்துக்கொண்டு நம்மிடையே அமர்ந்திருக்கிறார். இதைவிடப் பெரிய பட்டம் ஓர் எழுத்தாளருக்கு வேண்டுமா? இதைவிடப் பெரிய பொன்னாடை உண்டா?

அன்பர்களே, என் அச்சகம் இருக்கும்வரை மேகலை நிற்கமாட்டாள். இது நான் ஐயாவின் படத்தின் முன் சொல்லும் வாக்கு. எழுதப்போவது தயானி. முதல் அத்தியாயத்தை நேற்று எனக்கு வாசித்துக் காட்டினார். மேகலை ஒரு மரண வீட்டுக்குப் போகிறாள். லொறியை வெளியே நிறுத்திவிட்டு, இறங்க முடியாமல், ஸ்டியரிங்கில் தலைவைத்து அழுகிறாள். இத்தனை நாவல்களிலும் ஐயா அவளை ஒருமுறைகூட அழவிட்டதில்லை.

“அப்பா இருந்தால் இதை வெட்டியிருப்பார், அங்கிள்,” என்றார் தயானி.

நான் ஒரு வரியும் வெட்டப்போவதில்லை. அவள் அழட்டும்.