சொன்னேனே, மதி

உங்கள் வரவேற்பறைக் காப்பி சுமார்தான், டாக்டர். மூளையைப் பார்ப்பவர்கள் நாக்கைக் கைவிட்டுவிடுவார்கள் போலிருக்கிறது. போகட்டும். என்னைத் தனியாக வரச் சொன்னதில் எனக்கு ஆச்சரியமில்லை. வான்மதியின் ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது. உங்கள் சோதனைகளில் அவள் தன் வயதுக்காரர்களைவிட நன்றாகவே செய்திருக்கிறாள். வீட்டில் மட்டும் எல்லாம் மறந்துபோகிறது. அது எப்படி என்று கணவனைக் கேட்கிறீர்கள். சரியான ஆளைத்தான் கேட்கிறீர்கள்.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். பார்சிப்பனியில் ஒரு மருந்து நிறுவனத்துக்கு நினைவாற்றல் சோதனைகள் தயாரிக்கிறேன். அதாவது, வயதானவர்களிடம் சில சொற்களைச் சொல்லிவிட்டு, கொஞ்சம் கழித்து அவற்றைத் திருப்பிக் கேட்பேன். இதற்கு முனைவர் பட்டம் வேண்டுமாம். என் மாமனார் கடைசிவரை என்னைப் பள்ளிக்கூட வாத்தியார் என்றே நினைத்திருந்தார்.

அந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். மறந்துவிட்டோம் என்று நாம் சொல்வதில் பாதி, மறந்ததே அல்ல, பதியாதது. நெற்றிக்குப் பின்னாலிருக்கும் முன்மூளை 'இது வேண்டும்' என்று எடுத்துக் கொடுத்தால்தான் ஒரு விஷயம் நினைவாகும். அது வேறு வேலையில் மும்முரமாக இருக்கும்போது நீங்கள் எதைச் சொன்னாலும் எதிராளி 'ம்' என்பார். அந்த 'ம்'முக்கு மூளை அவ்வளவாகத் தேவையில்லை. பிறகு எவ்வளவு தேடினாலும் அவருக்கு அது கிடைக்காது. அங்கே ஒன்றும் வைக்கப்படவில்லையே.

போன பொங்கலுக்குத் தமிழ்ச் சங்கத்தில் சாப்பாட்டு வரிசையில் நின்றிருந்தேன். நண்பர் குமாரசாமி தட்டோடு வந்தார்.

"என்ன ஸ்வாமி, டெக்சாஸுக்கு மூவ் பண்றீங்களாமே. மேடம் கேட்டில ஜாப் அக்செப்ட் பண்ணிட்டாங்கன்னு சாந்தாமணி சொன்னா. எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

டெக்சாஸில் கேட்டி என்ற ஊரில்தான் எங்கள் மகள் அதிதி இருக்கிறாள். வான்மதி மருத்துவமனை ஒன்றில் ஃபார்மசிஸ்ட். எங்கே போனாலும் அவளுக்கு வேலை கிடைக்கும். எனக்குத் தெரியாமல் கிடைக்கும் என்பதுதான் புதிது.

"இன்னும் ஃபைனல் ஆகலை குமார்" என்று சிரித்தேன். சர்க்கரைப் பொங்கலில் முந்திரியை ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டேன். எனக்கு முந்திரி ரொம்பப் பிடிக்கும்.

வீட்டுக்கு வந்து அவளைக் கேட்டிருக்கலாம் என்பீர்கள். ஊருக்கெல்லாம் தெரிந்த சேதியைப் புருஷன் கெஞ்சிக் கேட்டு வாங்க வேண்டுமா? அவள் என்னை விட்டுப் போகிறாள் என்று புரிந்துகொண்டேன். எனக்குக் கோபப்படத் தெரியாது. ஜோக் அடிக்கத்தான் தெரியும். ஆனால் அன்று ஜோக்கும் வரவில்லை.

ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் எங்கள் வீட்டுப் பக்கம் இடது புறம் திரும்ப வேண்டுமானால், முதலில் வலது புறம் இறங்கி ஒரு வளைவு சுற்றி வர வேண்டும். வான்மதிக்கு அந்த வளைவு என்றாலே பயம். தோளெல்லாம் இறுகிவிடும். அடுத்த வாரம் அவள் ஓட்டி வந்தபோது, அந்த வளைவில் வைத்துச் சாதாரணக் குரலில் சொன்னேன். சனிக்கிழமை குமாரசாமியையும் அவர் மனைவி சாந்தாமணியையும் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன் என்று.

"ம்" என்றாள்.

சனிக்கிழமை அவர்கள் ஸ்வீட் பாக்ஸோடு வாசலில் நின்றபோது, அவள் தலையில் எண்ணெயும் நைட்டியுமாகக் கதவைத் திறந்தாள்.

"என்ன மதி, சீக்கிரம் வந்துட்டமா?" என்றார் சாந்தாமணி.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இன்னிக்கா? நீங்க சொல்லவே இல்லையே."

"சொன்னேனே, மதி. கார்ல. நீகூட ம்-ன்னியே."

"விடு மதி. என் கார் சாவியே அன்னிக்கு ஃப்ரிட்ஜ்ல கெடந்தது" என்று சாந்தாமணி சமாளித்தார். பீட்சா வரவழைத்தோம். வான்மதி ஒரு துண்டைக்கூட முடிக்கவில்லை.

கவனியுங்கள், நான் பொய் சொல்லவில்லை. பிறகும் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. ப்ளம்பர் வருவதை, அவள் தங்கையோடு வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டே தோசை வார்க்கும்போது சொன்னேன். பல் டாக்டர் தேதியை மாற்றியதை, அவள் வரிப் படிவத்தில் எண்களைக் கூட்டும்போது சொன்னேன். எல்லாவற்றுக்கும் 'ம்' வாங்கியிருக்கிறேன்.

கொஞ்ச நாளில் எனக்கு அதிக வேலை இல்லாமல் போயிற்று. பயமும் முன்மூளைக்கு ஒரு வேலைதான், டாக்டர். மறந்துவிடுவோமோ என்று பயந்துகொண்டிருப்பவருக்கு மற்றது எதுவும் பதியாது. நான் தொடங்கித்தான் வைத்தேன். மிச்சத்தை அவளே மறந்தாள்.

"ஒரு கொழந்தைக்கு டோஸ் தப்பாக் குடுத்துட்டேன்னா?" என்று ஒரு நாள் அழுதாள். மறுநாளே ராஜினாமா செய்தாள். கேட்டி வேலையையும் வேண்டாமென்று சொல்லிவிட்டாள். அதை மட்டும் என்னிடம் சொல்லிவிட்டே செய்தாள். கார் ஓட்டுவதையும் நிறுத்திவிட்டாள். இப்போது நான்தான் சமைக்கிறேன். என் ரசத்தைக் குடித்துவிட்டு அவள் நன்றி சொல்லும்போது எனக்குக் கண் கலங்கிவிடுகிறது. இவ்வளவு அன்பாக நாங்கள் இருந்ததே இல்லை.

"முத்திப் போச்சுன்னா என்னைக் கொண்டுபோய் ஹோம்ல விட்ருவீங்களாங்க?" என்று ஒரு சாயங்காலம் கேட்டாள்.

டிவியை அணைத்தேன். அவள் முழுதாக என் முகத்தைப் பார்க்கும்வரை காத்திருந்தேன்.

"மாட்டேன் மதி. உன்னை எங்கயும் அனுப்ப மாட்டேன்."

அதை அவள் மறக்கவே இல்லை. அடிக்கடி திருப்பிச் சொல்கிறாள்.

போன வாரம் அதிதி அழைத்தாள். அவளுக்கு இது ஏழாம் மாதம். அம்மா ஏன் வரவில்லை என்று கேட்டவளிடம், அந்த வேலையை ஒப்புக்கொண்டபோது அம்மா என்னிடம் மூச்சுவிடவில்லை என்றேன்.

"ஷி டோல்ட் யூ, அப்பா. ஐ வாஸ் ஆன் தி கால். யூ வேர் ஆன் யுவர் லேப்டாப், அண்ட் யூ ஸெட், 'சரி, பண்ணலாம்'."

இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் வான்மதி வீடு பார்த்திருந்தாளாம். நான் வீட்டிலிருந்தே வேலை செய்ய ஓர் அறைகூட இருந்ததாம்.

அதிதி பொய் சொல்கிற பெண் இல்லை. அதற்குப் பிறகாவது நிறுத்தினீர்களா என்பீர்கள். இல்லை. நிறுத்தினால் அவள் தேறிவிடுவாள். தேறினால் யோசிப்பாள்.

வான்மதிக்கு ஒரு நோயும் இல்லை, டாக்டர். நான்தான் செய்தேன். அப்படியே பதிவு செய்துகொள்ளுங்கள், மறுக்க மாட்டேன். ஆனால் நீங்களும் மூளையைப் படித்தவர், நியாயத்தைச் சொல்லுங்கள். ஒரு மனிதன் தன் வேலையில் மூழ்கியிருக்கும் நேரத்தில் அவன் காதில் ஒரு விஷயத்தைப் போட்டுவிட்டு, சொல்லியாயிற்று என்று நினைத்துக்கொள்வதா? கட்டிய மனைவி செய்கிற காரியமா அது? இதற்குத் துரோகம் என்பதைத் தவிர வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.