ஆள்காட்டி விரல் மோதிரம்

ஷம்ஸா: நான் எடுத்த படம் திரும்பவும் கோணலா?

ரய்யா: நேராத்தான் இருக்கு உம்மு ஸாலிம். ஆனா இந்தக் கீழ் மூலையைப் பாருங்க.

ஷம்ஸா: என்னமோ மின்னுது. ஜன்னல் வெளிச்சமா இருக்கும்.

ரய்யா: ஜன்னல் உங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கு.

ஷம்ஸா: அப்போ உன் கேமராவுல கோளாறு.

ரய்யா: கோளாறு உங்க ஆள்காட்டி விரல்ல. அந்த வெள்ளி மோதிரத்தோட கூர்முனை லென்ஸுக்கு முன்னாடி நீட்டிக்கிட்டு நிக்குது. மூணு நாளா கழட்டி வையுங்கன்னு சொல்றேன்...

ஷம்ஸா: என் மகன் ஸாலிம் பொறந்தப்போ மாமியார் போட்டுவிட்டது. பத்து விரலுக்கும் பத்து. நான் செத்தப்புறம் மய்யித்தைக் குளிப்பாட்டுறவங்க கழட்டிக்கட்டும்.

ரய்யா: சரி, விரலையாவது மடக்குங்க. வியாழக்கிழமை நூராவோட கல்யாணத்துல நீங்கதானே படம் எடுக்கப் போறீங்க. எல்லாப் படத்துலயும் பொண்ணு பக்கத்துல உங்க மோதிரமும் நிக்கும்.

ஷம்ஸா: நிக்கட்டுமே. அவ என் தம்பி மக. வெளியாள் கையை விட அத்தை கை மேல்.

ரய்யா: வெளியாளா... சரி.

ஷம்ஸா: என்ன, முகம் சுருங்குது?

ரய்யா: ஒண்ணுமில்லை. அந்தப் பேரீச்சம்பழத் தட்டைப் படம் எடுங்க. மூச்சை அடக்கி... மெதுவா...

ஷம்ஸா: பேரீச்சம்பழத்துக்கு எதுக்கு மூச்சை அடக்கணும்? எழுந்து ஓடப் போகுதா?

ரய்யா: பொண்ணு ஓடுவா. அழுவா, திரும்புவா, முகத்தை மூடிக்குவா. நீங்க தட்டைப் பார்க்காம வாசலையே பார்க்கிறீங்களே, யார் வரப் போறாங்க?

ஷம்ஸா: தம்பி வருவான். நீ இங்க வர்றது அவனுக்குத் தெரியாது.

ரய்யா: தெரிஞ்சா?

ஷம்ஸா: குதிப்பான். பெரிய மக கவ்லா முக்காடில்லாம இருந்த கல்யாணப் படத்தை ஊருக்குக் காட்டினவளை வீட்டுக்குள்ள விட்டியான்னு கேப்பான்.

ரய்யா: நான் காட்டலை.

ஷம்ஸா: சூர் ஊர் முழுக்க அப்படித்தான் பேசுது.

ரய்யா: பேசும். அன்னிக்கு மண்டபத்து வாசல்லயே எல்லாப் பொம்பளைங்க போனையும் வாங்கிப் பையில போட்டுக் கட்டிட்டாங்க. உள்ள இருந்தது என் கேமரா ஒண்ணுதான். அப்போ திருடி வேற யாரா இருப்பா? எட்டு மாசமா ஒரு வீட்டுல கூட என்னைக் கூப்பிடலை. பார்த்தா ஸலாம் சொல்றவங்களும் தெருவைக் கடந்து போயிடுறாங்க.

ஷம்ஸா: காப்பி ஆறுது. குடி.

ரய்யா: நீங்க மட்டும் ஏன் கூப்பிட்டீங்க?

ஷம்ஸா: உனக்கு வேலை இல்லைன்னு கேள்விப்பட்டேன். வேலை இருக்கிறவ வந்து பேரீச்சம்பழத்தைப் படம் எடுக்கச் சொல்லித் தருவாளா?

ரய்யா: அதுவும் சரிதான்... கேமராவைக் கீழ வைங்க. உங்க போன்ல ஒண்ணு எடுங்க.

ஷம்ஸா: போன்லயா? அது எதுக்கு?

ரய்யா: சும்மா. என்னைத்தான் எடுங்க. அவசரமா, பக்கத்துல யாரும் பார்க்கக் கூடாதுங்கிற மாதிரி.

ஷம்ஸா: இதெல்லாம் ஒரு பாடமா...

ரய்யா: எடுங்க உம்மு ஸாலிம்.

ஷம்ஸா: எடுத்துட்டேன். படம் ஆடிப் போச்சு.

ரய்யா: பரவாயில்லை, குடுங்க. ம்... இதோ, மேல் மூலையில.

ஷம்ஸா: மோதிரம்.

ரய்யா: கவ்லாவோட படத்துலயும் இதே மூலை, இதே கூர் வெள்ளி. எல்லாரும் மண்டப விளக்குன்னு நினைச்சாங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன், முந்தாநாள் நீங்க எடுத்த முதல் படத்தைப் பார்க்கிற வரைக்கும்.

ஷம்ஸா: முதல் படத்துலயேவா?

ரய்யா: அன்னிக்கு வாசல்ல போன் பையைப் பிடிச்சுக்கிட்டு நின்னது யாரு?

ஷம்ஸா: நான்தான்.

ரய்யா: உங்க போனை யார் வாங்கினாங்க?

ஷம்ஸா: என்கிட்ட யார் கேப்பா...

ரய்யா: கார் சத்தம். உங்க தம்பிதான். நான் பின்வாசல் வழியாப் போயிடுறேன். நீங்க சங்கடப்பட வேண்டாம்.

ஷம்ஸா: உட்காரு. ஸான்ஸிபார்ல என் அக்கா படுத்த படுக்கையா இருக்கா. கவ்லாவை ஒரு தடவை பார்க்கணும்னு அழுதா. போன்ல எடுத்து அவளுக்கு மட்டும்னு அனுப்பினேன். அந்த வீட்டுப் பிள்ளைங்க அதை யார் யாருக்கோ அனுப்பிட்டாங்க. மூலையில மின்னினது என்னன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். இந்த வீட்டு மானத்தை நானே கெடுத்தேன்னு சொல்ல வாய் வரலை ரய்யா. அதான் மோதிரத்தைக் கழட்டாமலே மூணு நாளா உன் முன்னாடி உட்கார்ந்தேன், நீயே கண்டுபிடிச்சுக் கேளுன்னு. கேட்டுட்டே. இனி தம்பிகிட்ட நான் சொல்றேன், நீ பக்கத்துல இரு. அந்தக் கேமராவை எடுத்துப் பையில வை, வியாழக்கிழமைக்கு அது உன் கையிலதான் இருக்கணும். வாசல்ல முதல்ல என் போனைத்தான் வாங்கணும்.