பீரோவுக்குள்ள இருந்த இன்டர்நெட்

பேசாதீங்க மேடம், பேசாதீங்க. மூஞ்சிக்கு பேக் இப்பத்தான் போட்டிருக்கேன், ஈரமா இருக்கு. இப்ப வாயைத் திறந்தீங்கன்னா ஓரமெல்லாம் விண்டுடும், அப்புறம் மேடையில நீங்க சிரிக்கும்போது மூஞ்சி பாதி பளபளன்னும் பாதி திட்டுத்திட்டாவும் தெரியும். கண்ணுல வச்ச பஞ்சையும் எடுக்காதீங்க. ஆமான்னா ஒரு விரலைத் தூக்குங்க, இல்லைன்னா ரெண்டு விரல். ஃபோனா? சார்ஜ்ல போட்டிருக்கேன், அந்தப் பக்கம். நீங்க பேசி முடிச்சப்பவே சிவப்பு காட்டுச்சு.

அந்த ஃபோன் விஷயமாத்தான் ஒண்ணு சொல்லணும். நான் ஒட்டுக் கேக்கலை மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க காதோரம் பிரஷ்ஷை வச்சுக்கிட்டு நிக்கிறேன், ஃபோனும் அங்கதான் இருக்கு, அதுல பேசறது என் காதுல விழாம எங்க போய் விழும். பக்கத்துல எவனோ ஸ்கூலோட பிராட்பேண்டைத் திருடுறான், இங்க தலைவேலை முடிஞ்சதும் லைன்காரரைக் கூட்டிட்டுப் போய் வயரைப் பிடுங்கிட்டுத்தான் விழாவுக்கே வருவேன்னு சொன்னீங்க. கல்வி அதிகாரியா நீங்க சொன்னது எல்லாம் சரிதான். ஒரே ஒரு திருத்தம். எவனோ இல்லை மேடம், எவளோ. அது நான்தான்.

ஐயையோ, எந்திரிக்காதீங்க. தலை பூரா சாயம் அப்பியிருக்கு, சொட்டுச்சுன்னா அந்தப் புடவை அவ்ளோதான். உக்காருங்க. நான் எங்கயும் ஓடிடப் போறதில்லை, இது என் கடை. வெளிய உங்க டிரைவரும் லைன்காரரும் டீ குடிச்சிட்டிருக்காங்க. தலையில இத்தனை சாயத்தோட அவங்க முன்னாடி போய் நிப்பீங்களா? மாட்டீங்கல்ல. அப்ப சாயம் பிடிக்கிற வரைக்கும் நான் சொல்றதைக் கேளுங்க, வேற என்ன வேலை.

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், சட்டம் நல்ல சட்டம். நான் குறையே சொல்ல மாட்டேன். அரசுப் பள்ளிக்கூடம் எல்லாத்துக்கும் பிராட்பேண்ட், ஆன்லைன் பாடம்னு சட்டசபையில கொண்டு வந்த அன்னைக்கு டிவியில பாத்துட்டுதான் இருந்தேன். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி ரெண்டு பேருமே மேஜையைத் தட்டினாங்க. ரெண்டு பேரும் சேந்து தட்டினா எனக்கு எப்பவும் சந்தேகம் வரும், ஆனா அன்னைக்கு நானும் வீட்ல மேஜையைத் தட்டினேன். என் பொண்ணு இந்த ஸ்கூல்லதான் பத்தாவது படிக்கிறா. கணக்குன்னா அவளுக்கு உசுரு. அது எங்க இருந்து வந்துச்சோ தெரியலை, எங்க வீட்ல ஒருத்தருக்கும் மீதிச் சில்லறைகூட சரியா எண்ண வராது.

அப்புறம் ரோட்டைத் தோண்டினாங்க. என் கடை வாசல்ல பலகை போட்டுத்தான் கஸ்டமர் ஏறி வருவாங்க. முடி வெட்டிக்க வந்தவங்க சர்க்கஸ் பண்ணிட்டு வந்தாங்க. எல்லாம் பொறுத்துக்கிட்டேன், பசங்க படிப்பாச்சேன்னு. ஒருநாள் இன்டர்நெட் பொட்டி வந்துச்சு, பச்சை விளக்கு மினுக்கு மினுக்குன்னு. ஹெட்மாஸ்டர் ரூம்ல வச்சாங்க. இந்த ஹெட்மாஸ்டரை நீங்க பாத்திருப்பீங்க, ரொம்ப நல்ல மனுஷன். ஆனா பயந்த சுபாவம். பொட்டி காணாமப் போனா, உடைஞ்சா, நனைஞ்சா அதுக்கு ஹெட்மாஸ்டர்தான் பொறுப்புன்னு சட்டத்துல இருக்காம். எங்களுக்கெல்லாம் அந்தச் சட்டத்துல படிப்பு தெரிஞ்சுது, அவருக்கு அந்த ஒரு வரிதான் தெரிஞ்சுது.

என்ன பண்ணாருங்கறீங்க? தூக்கி இரும்பு பீரோவுக்குள்ள வச்சுப் பூட்டிட்டார்.

சிரிக்காதீங்க மேடம், பேக் வெடிச்சுடும். நிசமாத்தான். அந்த ஸ்கூல்ல எது புதுசா வந்தாலும் பீரோவுக்குள்ள போயிடும். உலக உருண்டை உள்ள இருக்கு. ஃபுட்பால் உள்ள இருக்கு. அறிவியல் ரூமுக்கு வந்த மைக்ராஸ்கோப் அட்டைப்பொட்டியைக்கூடப் பிரிக்காம உள்ளயே இருக்கு. பசங்க அவருக்கு பீரோ சார்னுதான் பேரு வச்சிருக்காங்க. இன்டர்நெட்டும் போய் அதுங்களோட உக்காந்துக்கிச்சு. விளக்கு எரியுது, லைன் ஓடுது, ஆனா இரும்பு தாண்டி வெளிய வரணுமே. கிளாஸ்ரூம்ல சிக்னல் ஒரு புள்ளிகூட காட்டாது.

அதுல ஒரு கூத்து பாருங்க, பாஸ்வேர்டை மட்டும் பசங்களுக்குத் தெரியற மாதிரி வாசல்லயே ஒட்டணும்னு இன்னொரு விதி. அதையும் தப்பாம செஞ்சார். கேட்டுக்குப் பக்கத்துல பெரிய எழுத்துல இருக்கு, வரும்போது நீங்களே பாத்திருப்பீங்க. அதனால நான் திருடினேன்னு சொன்னீங்க பாருங்க, அதுதான் எனக்குக் கொஞ்சம் வலிச்சுது. கதவுல எழுதிப் போட்டதைப் படிச்சா அது திருட்டா?

சரி, எப்படி என் கடைக்கு வந்துச்சுங்கறீங்களா? அந்த பீரோ பழசு மேடம். முதுகுத் தகரம் துருப்பிடிச்சு உதுந்து போச்சு. அதை ஜன்னலை மறைச்சு வச்சிருக்கார். அந்த ஜன்னலுக்கு நேர எதிர, ஒரு ஆள் ஒருக்களிச்சுப் போற சந்து. சந்துக்கு இந்தப் பக்கம் என் கடையோட உள் ரூம், ஃபேஷியல் பண்றது, வேக்ஸிங் பண்றது எல்லாம் அங்கதான். முன்பக்கம் போக வழியில்லாம இன்டர்நெட்டு பின்பக்கமா என் கடைக்கு வந்துடுச்சு. நான் கூப்பிடவே இல்லை.

என் பொண்ணுதான் கண்டுபிடிச்சா. உள்ள படுத்துக்கிட்டு ஃபோனைப் பாத்தவ, அம்மா, ஸ்கூல் இங்க இருக்குன்னா. நான் ஏதோ காய்ச்சல்ல உளர்றாளோன்னு நெத்தியைத் தொட்டுப் பாத்தேன்.

பீரோ சாருக்குத் தெரியுமான்னா, தெரியும். தெரியாத மாதிரி இருக்கார். அப்படி இருந்து இருந்துதான் அவர் சர்வீஸே ஓடிச்சு. நான் ஒருதடவை நேராவே போய்க் கேட்டேன், சார், அந்தப் பொட்டியை எடுத்து வெளிய வைங்களேன்னு. அவர் என்னையே பாத்துட்டு, வெளிய வச்சா எலி கடிச்சுடுமேம்மான்னார். எனக்குக் கோபம் வரலை மேடம், பாவமா இருந்துச்சு. அடுத்த வருஷம் ரிட்டையர்மென்ட். அந்த மனுஷன் தூக்கத்துலகூட சாவியைத் தடவிப் பாப்பாராம், அவர் வீட்டம்மா இதே நாற்காலியில உக்காந்து சொல்லியிருக்காங்க.

அதோட விட்டிருந்தாக்கூடப் பரவாயில்லை. ஸ்கூலுக்குத்தான் லைன் வந்துடுச்சே, இனிமே கணக்குக்கும் அறிவியலுக்கும் தனியா டீச்சர் எதுக்குன்னு உங்க ஆபீஸ்ல முடிவு பண்ணீங்க. நீங்கன்னு சொல்லலை, உங்க ஆபீஸ். கணக்கு டீச்சரை எங்கயோ தூரத்துக்கு மாத்திட்டாங்க. போற அன்னைக்கு இங்க வந்து புருவம் எடுத்துக்கிட்டாங்க. கண்ணுல தண்ணி வந்துச்சு. நூல் இழுத்ததால வந்துச்சுன்னாங்க, நானும் சரின்னுட்டேன். அன்னைல இருந்து தலைமை ஆபீஸ்ல ஒரே ஒரு கணக்கு சார், அத்தனை ஸ்கூலுக்கும் திரையில வந்து பாடம் எடுக்கிறார். நல்லாத்தான் எடுக்கிறார், கேக்குதா கேக்குதான்னு பாதி நேரம் கேட்டுட்டே இருப்பார், அவ்ளோதான். எங்க ஸ்கூல்ல கேக்கலை. என் கடையில கேட்டுச்சு.

பின்ன என்ன, பத்தாவது பசங்க ஏழு பேரும் இங்க வந்துட்டாங்க. மதியம் வரைக்கும் உள் ரூம் அவங்களுக்கு. அரசாங்கம் குடுத்த டேப்லெட் ஆளுக்கொண்ணு இருக்கு, லைன்தான் வேணும். ஃபேஷியல் கட்டில்ல நாலு பேர், கீழ மூணு பேர். அவசரமா வர்ற கஸ்டமரை என்ன பண்றது, அங்கயே ஓரமா உக்கார வச்சு வேலையைப் பாப்பேன். ஒரு அம்மா, பேங்க்ல இருந்து ரிட்டையர் ஆனவங்க, கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருந்தாங்க. திரையில சார் ஒரு கேள்வி கேட்டார், பசங்க முழிச்சாங்க. இந்தம்மா கண்ணைத் திறக்காமலேயே விடையைச் சொன்னாங்க. அன்னைல இருந்து அவங்களுக்கு மாசம் தவறாம ஃபேஷியல், மூஞ்சி தேஞ்சே போச்சு.

புகார் குடுத்திருக்கலாமேன்னு நினைக்கிறீங்க, விரலு ஆடுது. குடுத்தோம் மேடம். சட்டப்படி புகாரும் ஆன்லைன்லதான் குடுக்கணும்னாங்க. எங்க ஸ்கூல்ல லைன் வரலைன்னு என் பொண்ணு இங்க உக்காந்து எழுதிப் போட்டா. ரெண்டே நாள்ல பதில் வந்துடுச்சு. உங்கள் பள்ளி இணைப்பில் இருந்துதான் இந்தப் புகாரே வந்திருக்கிறது, ஆகவே இணைப்பு நன்றாக வேலை செய்கிறது, நன்றி.

உள்ள சத்தமா? ஃபேன் மேடம், பழைய ஃபேன், முனகும்.

இன்னைக்கு விழாவுல கேடயம் குடுக்கிறீங்களாமே, ஆன்லைன் கல்வியை அதிகமா பயன்படுத்தின ஸ்கூல்னு. அதையும் ஃபோன்ல சொன்னீங்க. எனக்குத்தான் ஒண்ணு புரியலை. லைனைத் திருடுறாங்கன்னு வந்த புகாரும் லைன் அதிகமா ஓடியிருக்குன்னுதான், கேடயமும் அதிகமா ஓடியிருக்குன்னுதான். ரெண்டும் ஒரே ஓட்டம்தானே? காலையில எனக்குத் திருடின்னு பேரு, மதியம் பீரோ சாருக்குக் கேடயம். குடுங்க, நல்லா குடுங்க. அதையும் கொண்டு போய் பீரோவுக்குள்ள வச்சுப் பூட்டுவார், அப்பவாவது இன்டர்நெட்டுக்கு ஒரு துணை.

கோபமா சொல்லலை மேடம். இல்லை, கோபமாத்தான் சொல்றேன், எதுக்கு மறைக்கணும். ஒரு சட்டம் போடறாங்க, அதை ஒருத்தர் பயந்துபோய்ப் பூட்டறார், ஒருத்தர் வந்து எண்ணிப் பாக்கறார், ஒருத்தர் வந்து பிடுங்கறார். பசங்க எங்க உக்காந்து படிக்குதுன்னு மட்டும் ஒருத்தர் வந்து பாக்கலை. நீங்கதான் மொத ஆளு. நீங்களும் தலை நரைச்சதாலதான் வந்தீங்க.

இருங்க, இந்தப் பக்கம் நரை கொஞ்சம் பிடிவாதமா இருக்கு. இன்னும் கொஞ்சம் வைக்கிறேன். இந்த வேலையில மட்டும் அவசரம் ஆகாது. பேக்குக்கு காசு வேணாம், அது என் செலவு.

எங்க விட்டேன். ஆங், பரீட்சையைப் பத்திச் சொல்லவே இல்லையே. இந்த வருஷத்துல இருந்து அரசாங்கத்தோட பெரிய ஹாஸ்டல் ஸ்கூலுக்கான சேர்க்கைத் தேர்வும் ஆன்லைன்லதான். அதுல பாஸ் பண்ணா மேல ரெண்டு வருஷம் தங்குறது, சாப்பாடு, படிப்பு எல்லாம் அவங்க பாத்துப்பாங்க. நிசமான கணக்கு டீச்சர், ரத்தமும் சதையுமா நின்னு பாடம் எடுக்கிற டீச்சர். ஒரு தடவைதான் எழுத முடியும். நடுவுல லைன் அறுந்துச்சுன்னா திரை வெள்ளையாயிடும், மறுபடி உள்ள போக முடியாது. அடுத்த வருஷம் எழுதலாம்னா வயசு தாண்டிடும். என் பொண்ணு மூணு மாசமா நேரா சாப்பிட்டதே இல்லை, ஒரு கையில பேனா. இதை விட்டா அவளுக்கு வேற வழி கிடையாது. என்னோட நின்னு நூல் பிடிக்கத்தான் வரணும். அது ஒண்ணும் கேவலமான வேலை இல்லை, நான் அதுலதான் பொழைக்கிறேன். ஆனா அவளுக்கு அதுல மனசு இல்லையே.

என்னைக்குப் பரீட்சையா? சொல்றேன். ஒரு நிமிஷம், உள்ள போய் டவல் எடுத்துட்டு வந்துடறேன். பஞ்சை எடுத்துடாதீங்க.

வந்துட்டேன் மேடம். மன்னிச்சுக்கங்க, கொஞ்சம் நேரமாயிடுச்சு. இந்தாங்க, மூஞ்சியை நானே துடைச்சு விடறேன். இப்ப நீங்க பேசலாம். பஞ்சை எடுத்துடறேன், வெளிச்சம் கூசும், மெதுவா கண்ணைத் திறங்க.

அவங்கதான். ஏழு பேரும். பயப்படாதீங்கப்பா, மேடம் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. வணக்கம் சொல்லிட்டு வரிசையா வெளிய போங்க.

இன்னைக்குத்தான் மேடம் பரீட்சை. நீங்க இந்த நாற்காலியில உக்காந்து ஃபோன் பேசினீங்க பாருங்க, அப்ப உள்ள மொதக் கேள்வி ஓடிட்டிருந்துச்சு. இப்பத்தான் கடைசிப் பையன் முடிச்சான். உங்க தலையில சாயம் எப்பவோ பிடிச்சிடுச்சு. பேக்கும் உங்களுக்குத் தேவையே இல்லை, உங்களுக்கு நல்ல தோல். பின்னால சாய்ங்க, தலையை அலசி விடறேன். அப்புறம் லைன்காரரைக் கூட்டிட்டுப் போய் வயரைப் பிடுங்கணும்னா பிடுங்கிக்கங்க, நான் குறுக்க நிக்க மாட்டேன்.

இந்தா இவதான் என் பொண்ணு. எப்படி எழுதியிருக்கான்னு நான் இன்னும் கேக்கலை, கேக்கப் பயமா இருக்கு. காதுக்குப் பின்னால சாயம் கொஞ்சம் வழிஞ்சிருக்கு மேடம், எண்ணெய் வச்சுத் துடைச்சா போயிடும். இந்தத் தொழிலுக்கு வந்ததுல இருந்து முடியைத் தாண்டி நான் சாயம் வச்சது இன்னைக்குத்தான்.