என்ஜின் இல்லாத படகு

நண்டு வறுவல் கொடுத்துத்தான் தேசப்பன் அந்த வாய்ப்பைத் தட்டிக்கொண்டான் என்று நம்பியவன் நான். கடலுக்கடியில் போகும் கேபிளைச் சோதிக்கும் கருவி விற்கிற ஒருவர், வாங்க வருகிறவர்களுக்கு அதை இயக்கிக் காட்ட வாடகைப் படகு கேட்டுப் பழவேற்காட்டுக்கு வந்தார். என் புது என்ஜின் படகை விட்டுவிட்டு, தேசப்பனின் பழைய துடுப்புப் படகைத் தேர்ந்தெடுத்தார். அவர் மனதை மாற்ற, பொன்னேரியில் ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். முன் சீட்டில் எங்கள் தெருப் பெண்கள் இருவர். என்னைப் பார்க்கவில்லை.

“அந்த மெஷினுக்கு இரும்புன்னா ஆவாதாமே?”

“ஆமாக்கா. கிட்ட என்ஜின் இருந்தா, கேபிளை வுட்டுட்டு அதையே காட்டுதாம். அதான் தேசப்பன் படகு.”

“அவன் பொண்டாட்டி நடையே மாறிப்போச்சு, பாத்தியா? எங்க வூட்டுக்காரரும் என்ஜின் வாங்காமயே இருந்திருக்கலாம்.”

“உங்க ஆளாவது பரவால்லக்கா. எங்க எதிர்வூட்டு அண்ணன் படகைக் கழுவி, மாலை போட்டு, இஸ்திரி சட்டையோட நின்னுனு இருந்தாரே!”

“அந்தச் சட்டைக்காவது ஒரு ரவுண்டு கூட்டினு போயிருக்கலாம்.”

எதிர்வீட்டு அண்ணன் நான்தான். துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு, இறங்கும்வரை தூங்குவதுபோல் இருந்தேன்.

மறுநாள் தேசப்பனால் துடுப்பு போட்டு முகத்துவாரத்தைத் தாண்ட முடியவில்லை. நான்தான் அவன் படகைக் கயிறு கட்டிக் கடலுக்கு இழுத்துப்போய் விட்டேன். கருவி வேலை முடியும்வரை தூரப் போய் நிற்கச் சொன்னார்கள். மைசூர்பாகைத் தின்றுகொண்டு நின்றேன்.