நானூறு கிராம்

தேவிகா: மிஷின் பொய் சொல்லும். எறங்கிட்டு மறுபடி ஏறு.

ப்ரியா: மூணு தரம் ஏறிட்டேன்க்கா. அறுபத்தஞ்சு கிலோ அறுநூறு. போன வாரத்துக்கு நானூறு கிராம் கம்மி.

தேவிகா: இந்த வாரமுமா?

ப்ரியா: ஏன்க்கா, கொறயக்கூடாதா?

தேவிகா: நான் எங்க அப்படிச் சொன்னேன்... கன்னமெல்லாம் ஒட்டிப்போயி சீக்காளி மாதிரி இருக்கியேன்னு ஒரு கவல.

ப்ரியா: திருநள்ளாறு கல்யாணத்துல யாரும் அப்படிச் சொல்லலையே.

தேவிகா: ஆமா, சொல்லல. "நெரவி வீட்டுச் சின்ன மருமகளா இது! அடையாளமே தெரியல!"ன்னு ஒன்னச் சுத்தி நின்னாளுவ. பெரிய மருமக பக்கத்துலதான் நின்னேன். சாப்ட்டியான்னுகூட ஒருத்தி கேக்கல.

ப்ரியா: அக்கா...

தேவிகா: அண்ணன் தம்பியக் கட்டிக்கிட்டு ஒரே வீட்டுக்கு வந்தோம். பத்து வருஷம் ஒரே ஜாக்கெட் அளவு. ஒன்னுத நான் போடுவேன், என்னுத நீ போடுவ. இப்ப ஒன்னுது என் கையிலயே ஏற மாட்டேங்குது.

ப்ரியா: இதுல என்னக்கா பெரிய வித்தை? வாயில போடுறதையெல்லாம் போன்ல எழுதணும். இட்லி ஒண்ணு அறுபது கலோரி. நாள் முழுக்க ஆயிரத்து நானூறத் தாண்டக்கூடாது. அவ்ளோதான். நீங்களும் எழுதலாம்.

தேவிகா: எழுதினேன்.

ப்ரியா: நீங்களா? எப்ப?

தேவிகா: ஆடியில. நாலு நாளு. ஒன்கிட்ட சொல்லல.

ப்ரியா: ஏன் விட்டீங்க?

தேவிகா: நீ காலைல ஸ்கூட்டிய எடுத்துக்கிட்டு காரைக்கால் ஆபீசுக்குப் போயிடுவ. ஒன் சாப்பாடு நான் கட்டிக் குடுக்குற ஒரு டப்பாவுல அடங்கிடும். எனக்கு? உப்பு பாக்க ஒரு வாய்... பிள்ளைங்க பிச்சுப் போட்ட தோசை... கொட்ட மனசு வராத அடிச்சோறு... இத என்னன்னுடி எழுதறது?

ப்ரியா: ...இது எனக்குத் தோணவே இல்லக்கா.

தேவிகா: எங்க வீட்டுக்காரரு வேற, "ப்ரியாவப் பாத்துக் கத்துக்க"ங்கறாரு. நான் ஆக்கிப்போட்ட கீரையத் தின்னு எளச்சவளப் பாத்து, நான் கத்துக்கணுமாம்!

ப்ரியா: அவருக்குப் பேசத் தெரியல, விடுங்க.

தேவிகா: விட முடியலடி. வயிறு எரிஞ்சுது. அதான்... கல்யாணத்துக்கு மறுநாள்லேர்ந்து... ஒன் டப்பாவுல...

ப்ரியா: வேணாம்க்கா. சொல்லாதீங்க.

தேவிகா: சொல்லிடுறேன். மூணு வாரமா ஒன் கூட்டுல மட்டும் தனியா ரெண்டு ஸ்பூன் நல்லெண்ணெய் ஊத்துறேன். தெனமும். ஒரு மனுஷி செய்யிற வேலையா இது? சாமி கும்பிடக்கூட கை கூசுது...

ப்ரியா: அழாதீங்க.

தேவிகா: ஆனா, அவ்வளவு ஊத்தியும் எப்படிடி கொறயுது?

ப்ரியா: கூட்டுல எண்ணெ மெதந்துச்சு. ரெண்டு ஸ்பூன், எண்பது கலோரின்னு மொத நாளே எழுதிட்டேன்க்கா. அதுக்குப் பதிலா சாயங்கால டீய நிறுத்திட்டேன். ஏன்னு ஒங்களக் கேட்டிருந்தா... மறுநாள்லேர்ந்து நீங்க எனக்கு டப்பா கட்ட மாட்டீங்க. எனக்கு அதான் பயமா இருந்துச்சு.